மேச்சேரி ஆடு வளர்ப்போர் அடிக்கடி கேட்கும் கேள்விகள்: கிடா சேர்க்கும் காலப் பராமரிப்பு

பத்து முதல் முப்பது செம்மறி, ஒரு பொலிகிடா (இனவிருத்திக்கு வைக்கும் கிடா), நாலைந்து ஏக்கர் கொரங்காடு (வேலியடைத்த மேய்ச்சல் காடு) அல்லது மானாவாரி நிலம் என்று வைத்திருப்பவர்களுக்காக எழுதியது இது. சேலம், ஈரோடு, கரூர், திருப்பூர் பக்கம் பெரும்பாலும் மேச்சேரி ஆடுதான் என்பதால் அதை வைத்தே சொல்கிறேன். மற்ற நாட்டுச் செம்மறி இனங்களுக்கும் பெரும்பகுதி பொருந்தும். சின்னப் பண்ணைகளில் குட்டி சாவதற்கும், ஆடு சினை நிற்காமல் போவதற்கும் கிடாவை வருஷம் முழுக்க மந்தையிலேயே விட்டுவைப்பதுதான் முக்கியக் காரணம் என்பது என் உறுதியான எண்ணம். கீழே உள்ள பதில்களில் பல அங்கேதான் வந்து சேரும்.

நம்ம ஊர் ஆடு எல்லா மாதமும் பருவத்துக்கு வருமே, கிடா சேர்க்கத் தனியாக ஒரு காலம் எதற்கு?

குளிர் நாட்டுச் செம்மறிக்குப் பகல் பொழுது குறையும்போதுதான் பருவம் வரும். நம் ஆட்டுக்கு அப்படி இல்லை, உண்மைதான். ஆனால் ஆடு எப்போது வேண்டுமானாலும் சினை பிடிக்கும் என்றால், எப்போது வேண்டுமானாலும் குட்டி போடும் என்றும் ஆகிறது. சித்திரை, வைகாசியில் குட்டி விழுந்தால் தாய்க்குப் பால் இருக்காது. காட்டில் காய்ந்த சருகைத் தவிர எதுவும் இல்லாத நேரம் அது. ஐப்பசி அடைமழையில் விழுந்தால் நனைந்த தரையில் படுத்து, சளி பிடித்து, நாலாம் நாளே குட்டி சுருண்டுவிடும்.

இன்னொன்று, ஐந்து மாத மறி, அதாவது இன்னும் குட்டி போடாத இளம் பெட்டை, தன் தகப்பன் கிடாவுக்கே சினையாகிவிடும். யாரும் கவனித்திருக்க மாட்டார்கள். வயிறு பெருத்த பிறகுதான் தெரியும். அது போடும் குட்டியும் நோஞ்சான், அந்த மறியும் அதற்கு மேல் வளராது.

விற்பனையையும் நினைத்துப் பாருங்கள். கன்னிவாடிச் சந்தைக்கோ மேச்சேரிச் சந்தைக்கோ ஒரே வயதில், ஒரே உருவத்தில் பத்துக் குட்டி கொண்டுபோனால் கிடைக்கும் விலை வேறு. பெரிதும் சிறிதுமாகப் பத்துக் கொண்டுபோனால் கிடைக்கும் விலை வேறு.

எந்த மாதம் சேர்ப்பது நல்லது?

குட்டி எப்போது விழ வேண்டும் என்று முதலில் முடிவு செய்துவிட்டு, அங்கிருந்து பின்னோக்கி எண்ணுங்கள். செம்மறியின் சினைக்காலம் ஏறக்குறைய 147 நாள், இரண்டு மூன்று நாள் முன்பின் ஆகலாம். ஆடி பிறப்பதை ஒட்டி, அதாவது ஜூலை 15 வாக்கில் கிடாவை விட்டால் முதல் குட்டி டிசம்பர் 9 வாக்கில் விழும். வடகிழக்குப் பருவமழையின் பெரும்பகுதி ஓய்ந்திருக்கும். கொரங்காட்டில் கொழுக்கட்டைப் புல் எழுந்து நிற்கும். கடலைக்கொடியும் சோளத்தட்டும் கைக்கு வரும் சமயம். தாய்க்குப் பால் நன்றாக இருக்கும். மார்கழிப் பனிக்குக் கூரையும் மூன்று பக்கம் தட்டி மறைப்பும் இருந்தால் போதும்.

எனக்குப் பிடித்தது இந்தக் காலம்தான். கிணற்றுத் தண்ணீரும் தீவனப்புல்லும் இருப்பவர்கள் எட்டு மாதத்துக்கு ஒரு ஈற்று (குட்டி போடுதல்), இரண்டு வருஷத்தில் மூன்று ஈற்று என்று போகலாம். வானம் பார்த்த பூமியில் அதை முயன்றால் மூன்றில் ஒரு ஈற்று கோடையில் மாட்டிக்கொள்ளும். மானாவாரிக்காரர்கள் வருஷத்துக்கு ஒரு நல்ல ஈற்று எடுப்பதே லாபம்.

ஒரு கிடாவுக்கு எத்தனை ஆடு, எத்தனை நாள் விட வேண்டும்?

வளர்ந்த, ஆரோக்கியமான கிடா ஒன்றுக்கு 25 முதல் 30 ஆடு தாராளம். இரண்டு பல் போட்ட இளங்கிடா என்றால் 10, 15 ஆட்டோடு நிறுத்துங்கள்.

நாள் கணக்கு 45. செம்மறிக்குப் பருவம் 17 நாளுக்கு ஒருமுறை திரும்பும், ஒரு நாள் அல்லது ஒன்றரை நாள் நிற்கும். 45 நாளில் ஒவ்வொரு ஆட்டுக்கும் குறைந்தது இரண்டு வாய்ப்பு கிடைத்துவிடும். அதற்கு மேல் விட்டால் கடைசியில் விழும் குட்டிகள் மற்றக் குட்டிகளோடு முட்டிமோதிப் பால் குடிக்க முடியாமல் பின்தங்கும்.

இளங்கிடாவை மறிகளோடு சேர்க்காதீர்கள். இரண்டுக்கும் பழக்கம் இருக்காது. மறி கிடாவைத் தேடிப் போகாது, கிடாவும் தடுமாறும். இரண்டு மூன்று ஈற்றுக் கண்ட ஆடுகளோடு இளங்கிடாவை விடுங்கள். மறிகளுக்கு அனுபவப்பட்ட கிடா வேண்டும்.

மீதி நாளெல்லாம் கிடாவை எங்கே வைப்பது? தனியாகக் கட்டினால் கத்திக்கொண்டே இருக்கிறது.

செம்மறி தனியாக இருக்கப் பிறந்த பிராணி இல்லை, ஒற்றையாகக் கட்டினால் தீவனம்கூட எடுக்காது. ஒரு காயடித்த கிடாவையோ, விற்பனைக்கு வளர்க்கும் கிடாக்குட்டிகளையோ துணைக்கு விடுங்கள். கொரங்காடு வைத்திருப்பவர்களுக்கு இது சுலபம். காடு ஏற்கெனவே கிளுவை வேலியால் தடுத்துப் பிரித்திருக்கும், ஒரு தடுப்பைக் கிடாக்களுக்கு ஒதுக்கிவிடலாம். வேலியில் சந்து இருக்கிறதா என்று மட்டும் வாரம் ஒருமுறை சுற்றிப் பாருங்கள். பருவத்தில் நிற்கும் ஆட்டின் வாசனை காற்றில் வந்தால் கிடா எந்தச் சந்திலும் நுழைந்துவிடும்.

இடமே இல்லாதவர்கள் மேய்ச்சலின்போது கிடாவின் அடிவயிற்றை மறைத்துச் சாக்குத் துணி கட்டிவிடலாம். அவசரத்துக்கு உதவும், முழுமையாக நம்ப முடியாது. துணி ஈரமானால் புண் வரும், தினமும் அவிழ்த்துப் பார்க்க வேண்டும்.

பிரித்து வைப்பதில் இன்னொரு ஆதாயமும் உண்டு. ஒரு மாதம் பார்வைக்கும் மோப்பத்துக்கும் எட்டாமல் இருந்த கிடா திடீரென்று மந்தைக்குள் வந்தால், கோடையில் பருவம் அடங்கிக் கிடந்த ஆடுகளும் விழித்துக்கொள்ளும். இரண்டு மூன்று நாளில் கருமுட்டை வெளிப்படும், ஆனால் அந்த முதல் தடவை வெளியே அறிகுறி தெரியாது. மூன்றாவது நாலாவது வாரத்தில்தான் பல ஆடுகள் ஒன்றாகப் பருவத்துக்கு வரும். ஆகவே முதல் பத்து நாள் ஒன்றும் நடக்கவில்லையே என்று கிடாவைக் குறை சொல்லாதீர்கள்.

கிடாவை எப்போதிலிருந்து தயார்செய்ய வேண்டும்?

இரண்டு மாதம் முன்னாலிருந்தே. பலரும் கோட்டை விடுவது இங்கேதான்.

கிடாவின் விதையில் ஒரு விந்தணு உருவாகத் தொடங்கி, முதிர்ந்து, வெளியேறத் தயாராக ஏறக்குறைய இரண்டு மாதம் ஆகிறது. ஜூலை நடுவில் வேலைக்கு வரும் விந்து மே நடுவில் உருவாகத் தொடங்கியது. மே நடுவில் நம் ஊரில் என்ன நடக்கிறது? கத்திரி வெயில். கிடாவின் உடல் சூடு 39 டிகிரி அளவில் இருக்கும், விதை அதைவிட நாலைந்து டிகிரி குளிர்ச்சியாக இருந்தால்தான் விந்து ஒழுங்காக உருவாகும். அதற்காகத்தான் விதைப்பை தொங்குகிறது. நிழலில்லாத காட்டில் பகல் முழுக்க நின்ற கிடாவுக்கு அந்தக் குளிர்ச்சி கிடைக்காது. ஆடியில் அது பார்க்கக் கம்பீரமாக இருக்கும், எல்லா ஆட்டின் மீதும் ஏறும், ஒன்றும் சினை நிற்காது. காய்ச்சல் வந்து எழுந்த கிடாவுக்கும் இதே கதைதான். கோமாரியோ நீலநாக்கோ வந்து தேறினால் இரண்டு மாதம் அதை நம்பக்கூடாது.

ஆகவே சித்திரை, வைகாசியில் கிடாவைக் காலை ஒன்பது மணிக்குள் வெள்வேல மர நிழலுக்கோ கொட்டகைக்கோ கொண்டுவந்துவிடுங்கள். நாலு மணிக்கு மேல் மேய விடுங்கள். தொட்டியில் எப்போதும் தண்ணீர் இருக்கட்டும். ஓட்டுக் கொட்டகையோ தகரக் கொட்டகையோ என்றால் மேலே தென்னங்கீற்றைப் பரப்புங்கள்.

தீவனம் என்றால் நாளைக்கு 300 முதல் 400 கிராம் அடர்தீவனம்: உடைத்த கம்பு அல்லது சோளம், கடலைப் பிண்ணாக்கு, கொஞ்சம் தவிடு, தாது உப்பு. தவிட்டை மட்டும் அள்ளிப் போடுவது கிடாவுக்கு ஆபத்து. அதில் பாஸ்பரஸ் அதிகம், சிறுநீர்ப் பாதையில் கல் அடைத்துக்கொள்ளும். கிடா முக்கி முக்கிச் சொட்டுச் சொட்டாகச் சிறுநீர் விட்டால் அன்றைக்கே மருத்துவரிடம் காட்டுங்கள். பொழுது தள்ளினால் பிழைக்காது.

சேர்ப்பதற்கு முன் கிடாவில் என்னென்ன பார்க்க வேண்டும்?

பின்பக்கம் குந்தி உட்கார்ந்து விதை இரண்டையும் கையில் ஏந்திப் பாருங்கள். இரண்டும் ஒரே அளவு, பைக்குள் தடையில்லாமல் நகர வேண்டும், முறுக்கிய புஜம்போல் கெட்டியாக இருக்க வேண்டும். கொழகொழவென்று இருந்தாலும், அடியில் கட்டி தட்டுப்பட்டாலும், ஒன்று சூடாக வீங்கியிருந்தாலும் அந்தக் கிடா வேண்டாம். பிறகு குளம்பு. கிடா ஏறும்போது மொத்த எடையும் பின்னங்கால் இரண்டில்தான் நிற்கிறது. குளம்பிடுக்கில் சின்னப் புண் இருந்தாலும் ஏற மறுக்கும். வளைந்து வளர்ந்த குளம்பைப் பதினைந்து நாள் முன்பே சீவிவிடுங்கள். வாயைத் திறந்து பல் பாருங்கள், கண்ணின் கீழ் இமையை இழுத்துப் பாருங்கள். இமை உள்ளே வெளுத்திருந்தால் குடற்புழு இரத்தத்தை உறிஞ்சுகிறது.

புதிதாக வாங்கிய கிடா என்றால் மூன்று வாரம் தனியாக வைத்த பிறகே மந்தை.

பெட்டை ஆடுகளுக்கு என்ன செய்ய வேண்டும்?

கடைசி விலா எலும்புக்குப் பின்னால், இடுப்பின் மேல் உள்ளங்கையை வைத்து அழுத்துங்கள். முதுகெலும்பின் முள் ஒவ்வொன்றும் தனித்தனியாகக் குத்தினால் ஆடு இளைத்திருக்கிறது. மேடாகத் தெரிந்து, ஆனால் மழுங்கலாக இருந்தால் சரியான உடம்பு. அழுத்தினாலும் எலும்பு கிடைக்கவில்லை என்றால் கொழுப்பு ஏறிவிட்டது, அதுவும் சினை பிடிக்கத் தாமதமாகும். கண்ணால் பார்த்து முடிவு செய்யாதீர்கள், கையை வைத்துப் பாருங்கள்.

கிடா சேர்ப்பதற்கு மூன்று வாரம் முன்பிருந்து ஆடு ஒன்றுக்கு 200 கிராம் அடர்தீவனம் கொடுங்கள். கிடா உள்ளே வந்த பிறகும் மூன்று வாரம் தொடருங்கள். இருபது ஆட்டுக்கு நாளைக்கு 4 கிலோ, ஆறு வாரத்துக்கு 168 கிலோ. செலவுதான். ஏற்கெனவே தேறிய உடம்பு உள்ள ஆட்டுக்கு இதைக் குறைத்துக்கொள்ளலாம், இளைத்த ஆட்டுக்குத்தான் இதன் பலன் கண்கூடாகத் தெரியும். இரட்டைக் குட்டி வரும் என்று எதிர்பார்த்துச் செய்யாதீர்கள், மேச்சேரி பெரும்பாலும் ஒற்றைக் குட்டி இனம். ஆடுகள் முன்பின்னாக இல்லாமல் ஒன்றாகப் பருவத்துக்கு வந்து நிற்பதற்காகத்தான் இந்தத் தீவனம்.

மறிகளை வயதை மட்டும் வைத்துச் சேர்க்க வேண்டாம். தாயின் எடையில் மூன்றில் இரண்டு பங்காவது வந்திருக்க வேண்டும். வராவிட்டால் அடுத்த முறை பார்த்துக்கொள்ளலாம். மடியில் ஒரு காம்பு அடைத்த ஆடு, முன்பல் விழுந்த ஆடு, இரண்டு முறை கிடா சேர்த்தும் நிற்காத ஆடு, இவற்றைத் தீவனம் போடத் தொடங்குவதற்கு முன்பே விற்றுவிடுங்கள்.

எந்த ஆடு பருவத்தில் இருக்கிறது, எது சேர்ந்தது என்று எப்படித் தெரியும்?

வெள்ளாடு பருவத்துக்கு வந்தால் ஊரே கேட்கும்படி கத்தும். செம்மறி கத்தாது. கிடாவின் பக்கத்தில் போய் நிற்கும், வாலை ஆட்டும், கிடா முன்னங்காலால் தட்டினால் நகராது. கிடா மோந்துவிட்டு மேலுதட்டைச் சுருட்டித் தலையைத் தூக்குவதைப் பார்த்திருப்பீர்கள். கிடா இல்லாமல் நாமாகப் பார்த்துக் கண்டுபிடிப்பது கஷ்டம்.

அதற்கு ஒரு மலிவான வழி உண்டு. கிடாவின் நெஞ்சில், முன்னங்கால் இரண்டுக்கும் நடுவே சாயம் பூசிவிடுங்கள். அது ஏறிய ஆட்டின் பிட்டத்தில் சாயம் ஒட்டியிருக்கும். வழக்கமாகக் காவியைச் சொல்வார்கள், ஆனால் மேச்சேரி ஆடே செம்பழுப்பு நிறம். அதன்மேல் காவி இருந்தாலும் ஒன்றுதான், இல்லாவிட்டாலும் ஒன்றுதான். நீலப் பொடியை விளக்கெண்ணெயில் களிம்பு பதத்துக்குக் குழைத்துப் பூசினால் பளிச்சென்று தெரியும். இரண்டு மூன்று நாளுக்கு ஒருமுறை மறுபடி பூச வேண்டும். கதவுக்கு அடிக்கும் பெயிண்ட் வேண்டாம், தோலை அரிக்கும். மேச்சேரித் தோலுக்கு நல்ல மதிப்பு உண்டு, அதைக் கெடுப்பானேன்.

காலையில் பட்டியைத் திறக்கும்போது சாயம் பட்ட ஆடுகளின் காதணி எண்ணைத் தேதியோடு நோட்டில் குறியுங்கள். பதினாறாம் நாள் சாயத்தின் நிறத்தை மாற்றுங்கள், வெளிர் நிறத்திலிருந்து அடர் நிறத்துக்கு. இரண்டாம் நிறமும் பட்ட ஆடு முதல் தடவை நிற்கவில்லை என்று பொருள்.

முக்கால்வாசி ஆட்டில் இரண்டாம் நிறமும் விழுந்துவிட்டது. என்ன செய்ய?

ஒன்றிரண்டு ஆடு திரும்பினால் அந்த ஆட்டில் குறை. பாதிக்கு மேல் திரும்பினால் கிடாவில் குறை. யோசிக்காமல் அன்றைக்கே வேறு கிடாவை ஏற்பாடு செய்யுங்கள். சொந்தக்காரர், பக்கத்துக் காட்டுக்காரர் யாரிடமாவது கேட்டு வாங்கலாம், அதையும் மேலே சொன்னபடி கையால் சோதித்துவிட்டு விடுங்கள். சாயம் பூசாதவர்களுக்கு இந்த விஷயம் கார்த்திகையில் மடி இறங்காதபோதுதான் தெரியவரும். அதற்குள் ஒரு வருஷம் போயிருக்கும்.

எங்கள் பட்டியில் பிறந்த கிடாக்குட்டியையே பொலிகிடாவாக வைக்கலாமா?

அதே பட்டியில் வைக்கக்கூடாது. தாய், அக்கா தங்கை என்று எல்லாம் அங்கேயே இருக்கின்றன. இரண்டு தலைமுறையில் குட்டியின் எடை குறையும், சாவு கூடும். இரண்டு வருஷத்துக்கு ஒருமுறை கிடாவை மாற்றுங்கள். நல்ல கிடா வைத்திருக்கும் வேறு ஊர்க்காரரோடு மாற்றிக்கொள்வது செலவில்லாத வழி. சேலம் மாவட்டம் பொட்டனேரியில் மேச்சேரி செம்மறி ஆராய்ச்சி நிலையம் இருக்கிறது. இனத்தூய்மையான கிடாவைப் பற்றி அங்கே விசாரிக்கலாம்.

இதைவிட என்னை வருத்தும் விஷயம் வேறு. பிறந்த கிடாக்குட்டிகளில் எது வேகமாக வளர்கிறதோ அதுதான் பக்ரீத்துக்கும் ஆடிக் கிடாவெட்டுக்கும் முதலில் விலை போகிறது. வியாபாரி பட்டிக்கு வந்ததும் கை வைப்பது அதன் முதுகில்தான். யாரும் வாங்காமல் மீந்த சவலைக் குட்டி பட்டியில் தங்கி, அதுவே அடுத்த வருஷப் பொலிகிடா ஆகிறது. இப்படிப் பத்து வருஷம் நடந்தால் ஓர் ஊரின் ஆடே சிறுத்துப்போகும். மூன்று மாத வயதில் பால் மறக்கடிக்கும்போதே எடை போட்டு, தாயின் பாலையும் மனதில் வைத்து, முதல் இரண்டு குட்டிகளுக்குக் காதில் அடையாளம் போட்டுவிடுங்கள். எவ்வளவு விலை சொன்னாலும் சந்தைக்குப் போகாத குட்டிகள் அவை. உங்களுக்கு வேண்டாவிட்டாலும் இன்னொரு மந்தைக்குப் பொலிகிடாவாகப் போகட்டும். கறி விலையைவிட நல்ல விலையும் கிடைக்கும்.

கிடா ஆளை முட்டுகிறது.

ஆட்டோடு சேர்க்கும் காலத்தில் சாதுவான கிடாவும் மாறும். மேச்சேரிக்குக் கொம்பில்லை, இருந்தாலும் வேகமாக ஓடிவந்து முட்டினால் முழங்கால் போய்விடும். கிடா இருக்கும் தடுப்புக்குள் முதுகைக் காட்டிக் குனியாதீர்கள். பிள்ளைகளை உள்ளே விடாதீர்கள். குட்டியாக இருக்கும்போது அதன் நெற்றியைத் தேய்த்து விளையாட்டுக் காட்டுவதுதான் பெரும்பாலும் இதற்கு வித்து. கொஞ்ச வேண்டும் என்றால் தாடைக்கு அடியில் சொறிந்துவிடுங்கள்.

இரண்டு கிடா விடலாமா?

முப்பது ஆட்டுக்குக் கீழே தேவையே இல்லை. இரண்டும் சண்டையில் நிற்கும்போது ஆட்டின் பருவம் கடந்துபோகும். கிடா சேர்க்கும் காலம் முடிந்து இரண்டையும் ஒரே தடுப்பில் சேர்க்கும்போது முதல் ஒரு நாள் பின்வாங்கி ஓடிவர இடமில்லாத சிறிய கூண்டில் நெருக்கி வையுங்கள். ஒன்றின் வாசனை மற்றொன்றுக்குப் பழகிவிடும்.

வெள்ளாட்டுக் கிடா செம்மறியைச் சினையாக்குமா?

ஏறும், ஆனால் குட்டி தங்காது. செம்மறிக்கு 54 குரோமோசோம், வெள்ளாட்டுக்கு 60. கரு உண்டானாலும் பெரும்பாலும் பாதியில் கலைந்துவிடும். கலப்பு மந்தை மேய்ப்பவர்கள் இந்த 45 நாளும் வெள்ளாட்டுக் கிடாவைப் பிரித்து வைத்தால் நல்லது.

மாட்டுக்குப் போல ஊசி போட்டுச் சினையாக்க முடியாதா?

செம்மறியின் கருப்பை வாய் வளைந்து வளைந்து போவதால் உறைவிந்தை உள்ளே செலுத்துவது கடினம். சின்னப் பண்ணைக்கு நல்ல கிடாதான் வழி.

குடற்புழு மருந்தும் தடுப்பூசியும் எப்போது?

எல்லாவற்றையும் ஜூன் மாதத்துக்குள் முடித்துவிடுங்கள். துள்ளுமாரி, ஆட்டுக்கொல்லி, நீலநாக்கு ஆகிய நோய்களில் எதற்குத் தடுப்பூசி போட வேண்டும் என்பதைக் கால்நடை மருத்துவர் உங்கள் பகுதியைப் பார்த்துச் சொல்வார். நீலநாக்கு மழைக்காலத்தில் பரவுவது. அப்போது ஆடெல்லாம் சினையாக நிற்கும் என்பதை அவரிடம் சொல்லிக் கேளுங்கள்.

மிகவும் கவனிக்க வேண்டியது அல்பெண்டசோல். கடையில் கேட்டதும் கையில் கொடுக்கும் மருந்து இதுதான். சினையின் முதல் ஒன்றரை மாதத்தில் இதைக் கொடுத்தால் கரு கலையலாம், உறுப்புக் குறையோடு குட்டி பிறக்கலாம். கிடா உள்ளே வந்த நாளிலிருந்து, அது வெளியேறி 45 நாள் ஆகும்வரை இதைத் தொடாதீர்கள். அந்த இடைவெளியில் புழு அதிகமானால் பென்பெண்டசோல் போன்ற வேறு மருந்தை மருத்துவர் எழுதித் தருவார்.

கிடாவைப் பிரித்த பிறகு?

ஒரு மாதம் ஆடுகளைத் தொலைதூரம் ஓட்டாதீர்கள், வண்டியில் ஏற்றாதீர்கள், நாயை விட்டு விரட்டாதீர்கள், தீவனத்தைத் திடீரென்று மாற்றாதீர்கள். கரு கருப்பைச் சுவரில் பிடித்து நிற்கும் காலம் அது. கல்யாண வீட்டில் மீந்த சோற்றை ஆட்டுக்குக் கொட்டுவதை எந்தக் காலத்திலும் செய்யாதீர்கள். வயிறு புளித்து ஒரே இரவில் சாகும்.

கிடா இளைத்திருக்கும். அதன் அடர்தீவனத்தை இன்னும் ஒரு மாதம் தொடருங்கள்.

ஈற்றுத் தேதிக்குச் சுலபமான கணக்கு: சேர்ந்த தேதியோடு ஐந்து மாதம் கூட்டி, ஆறு நாள் கழியுங்கள். ஆகஸ்ட் 10-ல் சேர்ந்த ஆடு ஜனவரி 4 வாக்கில் போடும். கடைசி ஆறு வாரம் குட்டி வேகமாக வளரும் காலம். அப்போது மறுபடி 200 கிராம் அடர்தீவனம் தொடங்குங்கள்.

சினை ஆடு குட்டியை வீசிவிட்டது (காலத்துக்கு முன்பே கரு கலைந்துவிட்டது). பயப்பட வேண்டுமா?

ஒரு ஆடு வீசினால் முட்டுப்பட்டதாக இருக்கலாம். அடுத்தடுத்து இரண்டு மூன்று வீசினால் புருசெல்லா போன்ற தொற்றாக இருக்க வாய்ப்பு உண்டு. அது மனிதருக்கும் வரும். வீசிய குட்டியையும் நஞ்சுக்கொடியையும் வெறுங்கையால் தொடாதீர்கள், கர்ப்பிணிப் பெண்களைப் பட்டிப் பக்கமே விடாதீர்கள், நாய் இழுத்துப் போகாமல் பார்த்துக்கொள்ளுங்கள். அந்த ஆட்டைத் தனியாகக் கட்டிவிட்டு, கால்நடை மருத்துவ உதவிக்கான 1962 எண்ணுக்கோ பக்கத்துக் கால்நடை மருந்தகத்துக்கோ சொல்லுங்கள். வீசிய குட்டியையும் நஞ்சுக்கொடியையும் அவர்கள் பார்த்து, பரிசோதனைக்கு மாதிரி எடுத்த பிறகு ஆழக் குழி வெட்டிச் சுண்ணாம்பு போட்டுப் புதையுங்கள். ஆடுகளின் இரத்தத்தையும் கிடாவின் இரத்தத்தையும் சோதிக்கச் சொல்லுங்கள். முடிவு வரும்வரை அந்தக் கிடாவை வேறு எவருக்கும் இரவல் கொடுக்க வேண்டாம்.